இமயத்து வெண்பாப்பியும் மாரண்டஹள்ளித் தோட்டமும்

பனி மூடிய சிகரங்கள். அவற்றின் கீழே மூடுபனி தவழும் பசுஞ்சரிவு. அச்சரிவிலே இடுப்பளவு உயர்ந்து, மெல்லிய பட்டை மடித்து வைத்தாற்போன்ற இதழ்களுடன் தலை கவிழ்ந்து நிற்கும் பெரிய வெள்ளைப் பூ. நாட்காட்டிப் படத்திலோ கைப்பேசித் திரையிலோ இக்காட்சியைக் கண்ட எவருக்கும் ஆசை எழுவது இயல்பே. மாரண்டஹள்ளியிலே கிணற்றடியில் நான்கு தென்னையும் இரண்டு மாமரமும் வைத்திருப்பவர் ஒருவர், “நம் தோட்டத்திலும் நாள் முழுதும் நிழல் இருக்கிறதே, ஈரமும் இருக்கிறதே; இதை ஏன் இங்கே வளர்க்கலாகாது?” என்று எண்ணக்கூடும். விதையோ இன்று இருந்த இடத்திலிருந்தே தருவிக்கக் கிடைக்கிறது. பொட்டலத்தின் மேலுள்ள படம் பூவின் அழகைக் காட்டுமேயன்றி, அந்தப் பூ கேட்கும் குளிரைக் காட்டுவதில்லை.

ஆகவே இச்செடி யாது, அதற்கு வேண்டுவன எவை, அவற்றுள் நம்மால் தரக்கூடியவை எவை, தரமுடியாதவை எவை என்பவற்றை இங்கே ஆராய்வோம். அத்துடன் பாப்பி என்ற ஒரே பெயரில் வழங்கும் வேறொரு செடியைப் பற்றியும் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இது பூவின் அழகைப் பற்றிய செய்தியன்று. சிறைத்தண்டனையைப் பற்றிய செய்தி.

செடியின் வரலாறு

இமயப் பாப்பிகளைத் தாவரவியலார் மெக்கனாப்சிஸ் என்னும் பேரினத்தில் சேர்த்துள்ளனர். இமயமலைத் தொடரிலும், திபெத்தின் கிழக்குப் பகுதியிலும், சீனத்தின் மேற்கு மலைகளிலும் இப்பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் வளர்கின்றன. உலகம் இவற்றை நீலப் பாப்பி என்றே பெரிதும் அறியும். பூக்களில் தூய நீலம் அரிதாகையால் அந்நிறமே பெயர் பெற்றது. ஆயினும் மஞ்சள், சிவப்பு, ஊதா, வெள்ளை ஆகிய நிறங்களும் இவற்றில் உண்டு.

1913-ஆம் ஆண்டில் பெய்லி என்னும் ஆங்கில அதிகாரி திபெத்தில் பயணம் செய்தபோது நீலப் பாப்பிப் பூ ஒன்றைப் பறித்துத் தம் குறிப்பேட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பின்னர் 1924-ஆம் ஆண்டில் கிங்டன் வார்டு என்னும் தாவரத் தேட்டாளர் அதே நாட்டிலிருந்து விதைகளைத் திரட்டினார். அவ்விதைகளின் வழியாகவே இச்செடி பிரிட்டனின் தோட்டங்களில் பரவிற்று. அதன் வெள்ளைப் பூ வகையும் இன்று தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது.

இயற்கையிலேயே வெண்பூப் பூக்கும் இனங்களுள் தலைசிறந்தது பூட்டான் நாட்டின் மேற்கேயுள்ள ஹா பகுதிக்கு உரிய மெக்கனாப்சிஸ் சூபர்பா என்பதாகும். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய டேவிட் பிரெய்ன் அவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை விவரித்து எழுதினார். இதன் இலைகள் தரையோடு தரையாக வட்டமாக விரிந்து கிடக்கும். அவற்றின்மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய உரோமங்கள் அடர்ந்திருக்கும். பூ மலராத காலத்திலும் இவ்விலைத் தட்டே காண்பதற்கு ஓர் அணி போல விளங்கும். பூவின் வெண்மைக்கு நடுவே பொன்னிறத் தாதுக்களும், அவற்றின் நடுவே கருஞ்சிவப்பான சூல்முடியும் அமைந்துள்ளன.

இச்செடியைப் பற்றி ஆசைகொள்வோர் முதலில் அறியவேண்டியது இதன் ஆயுளைப் பற்றித்தான். முளைத்த ஆண்டில் இது பூக்காது. இரண்டு, மூன்று, சில வேளைகளில் நான்கு ஆண்டுகள் கூட இலைத்தட்டாகவே இருந்து வலிமையைச் சேர்க்கும். பிறகு ஒரு கோடையில் தண்டு எழுந்து, பூத்து, விதை முதிர்ந்ததும் அடியோடு மடிந்துவிடும். நம் நாட்டு வாழையும் மூங்கிலும் போல ஒருமுறை ஈன்று முடியும் குணம் இதற்கு உண்டு. ஆனால் வாழைக்குப் பக்கக்கன்று உண்டு. இதற்கு அதுவும் இல்லை, விதை ஒன்றே வழி. மூன்றாண்டு காத்திருந்து ஒரு மாதம் பூவைக் காண்பது செல்வந்தர் பொழுதுபோக்கென்று சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மாமரத்துக்காக அதைவிட நெடுங்காலம் காத்திருக்கும் மக்கள் நாம். காத்திருப்பின் முடிவில் பூ நிச்சயம் வருமா என்பதே கேள்வி.

நிழல் வேறு, குளிர் வேறு

தோட்டக்கலை நூல்களில் இச்செடிக்குக் குளிர்ந்த, நிழலுள்ள இடம் தேவை என்று எழுதியிருக்கும். இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே படித்துவிடுவதில்தான் பிழை நேர்கிறது. இமயப் பாப்பி தன் தாயகத்தில் பெரும்பாலும் திறந்த புல்வெளிச் சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்கிறது. உயர்ந்த மலையின் வெயில் கூர்மையானது. ஆயினும் காற்று குளிர்ந்திருப்பதால் இலை சுடுவதில்லை. இச்செடி வேண்டுவது குளிர், நிழலை அன்று. தாழ்ந்த இடங்களில் வளர்ப்போர், குளிர் போதாத குறையை நிரப்பவே நிழலைத் தேடுகின்றனர். நிழல் என்பது குளிருக்குப் பதிலாகக் கிடைக்கும் ஒரு சிறு ஈடு, அவ்வளவே.

கணக்காகவே பார்ப்போம். கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் உஷ்ணம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. இமயப் பாப்பிகள் பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் வாழ்பவை. தருமபுரி நகரம் 500 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் அமைந்துள்ளது. பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பகுதிகளும் ஏறத்தாழ அந்த மேட்டுநிலத்தைச் சேர்ந்தவையே. இரண்டிற்கும் இடையே 2,500 மீட்டர் வித்தியாசம் என்று கொண்டாலும், உயரத்தின் காரணமாக மட்டும் 16 டிகிரி அளவு உஷ்ணம் நம்மிடம் கூடுதலாக இருக்கிறது. இமயம் வடக்கே இருப்பதால் வரும் வித்தியாசம் இதற்கு மேலும் உண்டு. பங்குனி, சித்திரையில் 35 டிகிரியைத் தாண்டி வெயில் காயும் நம் ஊரில், 20 டிகிரியைச் சுற்றியே கோடையைக் கழித்துப் பழகிய செடி எவ்வாறு தாங்கும்?

உஷ்ணம் மிகும்போது செடிக்கு நேர்வதைச் சற்று விளக்குதல் நலம். பகலில் இலை வெயிலைக் கொண்டு உணவைச் செய்கிறது. பகலும் இரவும் மூச்சுவிட்டு அவ்வுணவைச் செலவழிக்கிறது. உஷ்ணம் ஏற ஏற மூச்சின் வேகமும் ஏறுகிறது. நம் ஊர்ச் செடிகள் வெப்பமான இரவிலும் வரவு செலவைச் சரிக்கட்டப் பழகியவை. குளிர்மலைச் செடியோ, பகலில் ஈட்டியதை வெப்பமான இரவில் இழந்துவிட்டு நாளுக்கு நாள் மெலிகிறது. வேர்ப்பகுதி சூடேறும்போது அழுகல் நோய்க் காளான்களும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் ஊற்றினால் அழுகுகிறது, ஊற்றாவிடில் வாடுகிறது. வளர்ப்பவர் தம் கைப்பிழை என்று வருந்துகிறார். உண்மையில் பிழை அவர் கையில் இல்லை.

மாரண்டஹள்ளிப் பகுதி விவசாயிகளுக்கு நிழல்வலை புதிய பொருளன்று. தக்காளிக்கும் பிற காய்கறிகளுக்கும் குழித்தட்டு நாற்று வளர்க்கும் கூடங்களை இப்பகுதியில் காணலாம். “பாதி வெயிலைத் தடுக்கும் வலையைக் கட்டினால் பாதி உஷ்ணம் குறையாதா?” என்று கேட்கத் தோன்றும். குறையாது. வலை தடுப்பது ஒளியை. அதனால் இலையின் சூடும் மண்ணின் சூடும் தணியும் என்பது உண்மையே. ஆனால் வலைக்குள் இருக்கும் காற்று வெளியிலிருந்து வந்த காற்றுத்தான். காற்றோட்டம் குறைந்தால் உள்ளே வெப்பம் கூடுவதும் உண்டு. இரவிலோ வலையினால் ஒரு பயனும் இல்லை.

ஈரத் திரையும் விசிறியும் பொருத்திய பசுமைக்குடில்கள் காற்றை ஓரளவு குளிர்விக்கும். அவை நீர் ஆவியாகும் தன்மையைக் கொண்டு இயங்குவதால், வறண்ட நாளில் நன்கு பயன்படும். மழைக்காலத்துப் புழுக்கத்தில் பயன் குறைந்துவிடும். முழுக் குளிர்சாதனம் அமைத்து, இரவும் பகலும் மின்சாரம் செலவிட்டு, மூன்றாம் ஆண்டில் ஒரு பூவைக் காண்பது இயலாத காரியம் என்று சொல்லமாட்டோம். ஆனால் அது விவசாயமும் ஆகாது, தோட்டக்கலையும் ஆகாது. நோயாளியை மருத்துவமனையில் வைத்துக் காப்பது போன்றதாகும்.

நீலகிரியில் கூடுமா?

சமவெளியில் கூடாதென்றால் உதகமண்டலத்தில் கூடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அயல்நாட்டு மலைச்செடிகள் நீலகிரியில் குடியேறி நாட்டுக்குப் பயன்பட்ட வரலாறு நமக்கு உண்டு. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்கு உரியது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பாரின் முயற்சியால் அது 1860-ஆம் ஆண்டில் நீலகிரிக்கு வந்தது. 1848-இல் உதகைத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கும் பணியில் அமர்ந்த மக்கைவர் என்பார் அதனைத் தொட்டபெட்டாச் சரிவுகளிலும் நடுவட்டத்திலும் வளர்த்துக் காட்டினார்.

ஆயினும் சின்கோனாவுக்கும் இமயப் பாப்பிக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. சின்கோனா பிறந்த மலைகள் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளவை. அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வகையான மிதக்குளிர் நிலவும். நீலகிரியும் அத்தகைய மலையே. ஒரு மலையின் பழக்கம் மற்றொன்றுக்குப் பொருந்திற்று. இமயமோ பருவத்துக்குப் பருவம் மாறும் மலை. அங்கே ஆண்டில் பல மாதங்கள் பனி மூடியிருக்கும். செடி அப்போது உறங்கும். பனி உருகியதும் விழித்து, தென்மேற்குப் பருவக்காற்றின் மழையிலும் மூடுபனியிலும் விரைந்து வளர்ந்து, பூத்து, காய்த்து, மீண்டும் உறக்கத்துக்குச் செல்லும். கோடையில் ஈரமும் குளிர்காலத்தில் ஆழ்ந்த ஓய்வும் இதன் வாழ்க்கை முறை.

உதகை 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், தென்மேற்குப் பருவத்தில் குளிர்ந்த ஈரத்தைத் தரக்கூடியது. தை மாதத்து இரவுகளில் உறைபனியும் விழும். ஆனால் விடிந்து சில நாழிகைக்குள் நல்ல வெயில் வந்துவிடும். மாதக்கணக்கில் தொடரும் பனிப்போர்வை அங்கே கிடையாது. ஆகையால் மலை என்பதனால் மட்டும் ஒரு மலைச்செடி அங்கே குடியேறிவிடும் என்று முடிவுகட்ட இயலாது. சோதனை செய்து பார்க்க விரும்பும் மலைவாசிகள் பத்துப் பன்னிரண்டு செடிகளுடன் தொடங்குவதே அறிவுடைமை. கைமுதலை அதில் போடுவது கூடாது.

குளிர்ந்த மலையில் வளர்க்கும் முறை

அவ்வாறு முயல்வோருக்காக, இச்செடியை நன்கு வளர்க்கும் குளிர்நாட்டார் கையாளும் முறையைக் கூறுவோம். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த, ஈரம் மிகுந்த கோடையில் இமயப் பாப்பிகள் செழித்து வளர்கின்றன. இங்கிலாந்தின் தெற்கேயுள்ள வறண்ட பகுதிகளில் அவற்றைக் காப்பது கடினமாக இருக்கிறது. ஒரே தீவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு!

விதை புதியதாக இருத்தல் முதல் விதி. அறையின் வெப்பத்தில் கிடந்த பழைய விதை முளைக்கும் வலிமையை விரைவில் இழக்கும். விதைக்கும் வரையில் அதனை நன்றாக உலர்த்தி, மூடிய புட்டியில் இட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அகலமான தட்டில் சலித்த இலைமக்கும் மணலும் கலந்து நிரப்பி, நனைத்து, அதன்மேல் விதையைக் கலக்கமாகத் தூவவேண்டும். விதை மிகச் சிறியதாகையால் மண்ணால் ஆழ மூடலாகாது. மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். தட்டை நீருள்ள பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தி, அடியிலிருந்து ஈரம் ஏறுமாறு செய்வதே முறை. 15 டிகிரி அளவுள்ள குளிரில் சில வாரங்களில் முளை தோன்றும்.

முளைத்தபின் வரும் முதல் மாதமே ஆபத்தானது. நெருக்கமாக முளைத்த நாற்றுகள் ஒரே இரவில் தண்டு அழுகிச் சாய்வதை நம் தக்காளி, மிளகாய் நாற்றங்கால்களில் கண்டிருக்கிறோமல்லவா? அதே நோய்தான் இங்கும். கலக்க விதைத்தல், காற்றோட்டம், மேல்மண் சொதசொதப்பாக இராமை ஆகிய மூன்றுமே காப்பு. உண்மையிலை இரண்டு மூன்று தோன்றியதும் தனித்தனியாகப் பெயர்த்து நடவேண்டும். இலையைப் பிடித்துத் தூக்குக. தண்டைப் பிடித்தால் நசுங்கும்.

நிலையான இடத்துக்கு இலைமக்கும் நன்கு மக்கிய தொழுவுரமும் தாராளமாக வேண்டும். சற்றுப் புளிப்புத்தன்மை வாய்ந்த மண் ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண் ஆகாது. ஈரம் எப்போதும் இருக்கவேண்டும், ஆனால் நீர் ஒருபோதும் தேங்கலாகாது. உச்சிவெயிலும் பலத்த காற்றும் படாத இடமாக இருத்தல் நலம். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விட்டு, சுற்றிலும் இலைச்சருகு மூடாக்கு இடவேண்டும். வெள்ளி உரோமம் போர்த்த இலைத்தட்டுக்குக் குளிர்காலத்தில் மழைநீர் தங்குவதுதான் பகை, குருத்து அழுகிவிடும். அதனால் அக்காலத்தில் செடியின்மேல் கண்ணாடிப் பலகையைச் சாய்வாக நிறுத்தி மழையைத் தடுக்கின்றனர்.

பல்லாண்டு வாழக்கூடிய நீலப் பாப்பி வகைகளிலும் அவற்றின் வெண்பூ வகையிலும், முதன்முறை எழும் பூத்தண்டைக் கிள்ளிவிடுவது நெடுநாள் வழக்கம். வேர்க்கிழங்கு பெருத்துப் பக்கக்கிளை விட்டபின் பூக்கவிட்டால் செடி நீடித்து வாழும். ஒருமுறை பூத்து மடியும் சூபர்பா போன்றவற்றில் இவ்வாறு கிள்ளுவதில் பயனில்லை. அவற்றில் விதையைத் தவறாமல் சேகரிப்பதே கடமை.

அயல்நாட்டிலிருந்து விதை தருவிப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உறைக்குள் வைத்துத் தபாலில் வரவழைப்பது சட்டப்படி சரியன்று. ஒரு சிறு பொட்டலத்தின் வழியாகப் புதிய நோயோ களையோ நம் தக்காளி வயலுக்கு வந்து சேரக்கூடும்.

பெயரால் வரும் ஆபத்து

இனி நாம் முதலில் குறிப்பிட்ட எச்சரிக்கைக்கு வருவோம். “வெள்ளைப் பாப்பி” என்று கேட்டால், கேட்பவர் மனத்தில் இருப்பது இமயத்துப் பூவாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் வெள்ளைப் பூப் பூக்கும் பாப்பி என்றால் பெரும்பாலும் அது அபினிச் செடியையே குறிக்கும். நாம் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசா அச்செடியின் விதையே. முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து அபினி கிடைக்கிறது. இமயப் பாப்பியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வெவ்வேறு பேரினங்கள்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் அபினிச் செடியைப் பயிரிடுவது குற்றமாகும். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே, மத்திய அரசின் உரிமம் பெற்றவர்கள், ஒவ்வொரு பருவத்திலும் அளந்து கொடுக்கப்படும் நிலத்தில் அதனைப் பயிரிடலாம். தமிழ்நாட்டில் எவருக்கும் அவ்வுரிமை இல்லை. மீறுவோருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது.

இச்சட்டத்தில் கிராமத்தாருக்கு உரிய ஒரு பகுதியைப் பலர் அறியார். தம் நிலத்தில் இச்செடி சட்டத்துக்குப் புறம்பாகப் பயிரிடப்பட்டிருப்பதை அறிந்த நிலவுடைமையாளர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் வேண்டும். அறிந்தும் மறைப்பது தண்டனைக்குரியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் இதைக் கவனத்தில் வைக்கவேண்டும். ஊராட்சித் தலைவர், உறுப்பினர், கிராம அலுவலர் ஆகியோருக்கும் செய்தி தெரிந்தவுடன் அறிவிக்கும் கடமையைச் சட்டமே விதித்திருக்கிறது. பூவுக்காக வைத்தேன், கசகசாவுக்காக வைத்தேன் என்பன அதிகாரியின் முன் நிற்கும் சமாதானங்கள் ஆகமாட்டா.

ஆதலால் இனப்பெயர் தெளிவாக அச்சிடப்படாத எந்தப் பாப்பி விதையையும் விதைக்கலாகாது. மளிகைக் கசகசாவைச் சமையலில் சேர்க்கத் தடையில்லை. முளைக்கிறதா பார்க்கலாமே என்று பாத்தியில் தூவுவதற்கே தடை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களும் ஒன்றை அறிதல் நலம். அரபு எமிரேட், சவூதி முதலிய நாடுகளில் கசகசாவைக் கொண்டுசெல்வதே குற்றம். தாய் அன்போடு கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் அது இராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

நம் வயலிலேயே ஒரு பாப்பி

இமயம் வரை போகாமலேயே பாப்பிக் குடும்பத்துச் செடியைக் காண விரும்புவோர், மாரண்டஹள்ளியில் இரயில் பாதையோரத்துத் தரிசில் நடந்தால் போதும். பிரமதண்டு என்றும் குடியோட்டிப் பூண்டு என்றும் வழங்கும் முட்செடியே அது. சாம்பல் பச்சை இலை, ஓரமெல்லாம் முள், கிள்ளினால் மஞ்சள் பால், மெல்லிய இதழுடைய மஞ்சள் பூ. இமயத்து நீலப் பாப்பிகளிலும் முள் போர்த்த இனங்கள் உண்டு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த இக்களை, வெயிலிலும் வறட்சியிலும் பழகியதாகையால் நம் மண்ணில் அழையாமலே குடியேறிவிட்டது. அருமையாக வளர்ப்பது வளராமற் போவதும், வேண்டாதது தானே செழிப்பதும் தட்பவெப்பம் செய்யும் வேலை.

இதன் விதை கறுத்து, உருண்டு, கடுகைப் போலவே இருக்கும். அது கடுகோடு கலந்து எண்ணெயாக ஆட்டப்பட்டால், உண்டவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் தளரும் கொடிய நோய் வரும். 1998-ஆம் ஆண்டில் டில்லியில் இத்தகைய கலப்பட எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே கடுகு விளைவிப்போரும் கடுகு வாங்கிச் செக்கில் ஆட்டுவோரும் இவ்விதை கலவாமல் காத்தல் வேண்டும். காய் வெடிப்பதற்கு முன்னரே செடியைக் களைந்துவிடுக. விதை மண்ணில் சிந்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து முளைக்கும்.

நம் நிழலுக்கு ஏற்ற வெண்மலர்

மாரண்டஹள்ளியில் ஈரமும் நிழலும் உள்ள தோட்டம் வைத்திருப்பவர் வெண்மலருக்கு ஆசைப்படலாகாது என்பது நம் கருத்தன்று. பஞ்சப்பள்ளிச் சின்னாறு அணையின் நீரும் கிணற்று நீரும் கிடைக்கும் இப்பகுதியில், மரத்தடி நிலம் பலரிடம் வீணே கிடக்கிறது. மல்லிகை, முல்லை, சம்பங்கி ஆகியவை வெள்ளைப் பூக்களாயினும் நல்ல வெயில் கேட்பவை. தென்னையின் கீழே வைத்தால் இலை தழைக்கும், பூ குறையும். அவற்றைத் திறந்த வயலில் வைத்து, நிழலுக்கு நந்தியாவட்டையைத் தேர்வதே நம் யோசனை.

நந்தியாவட்டையை அறியாத ஊர் இல்லை. அறிந்த செடி என்பதாலேயே அதைத் தோட்டக்கலையாகக் கருதுவோர் குறைவு. அரைநிழலில் ஆண்டு முழுவதும் பூக்கும், பளிச்சென்ற வெண்மை, பூசைக்கும் மாலைக்கும் உதவும். ஒற்றை, அடுக்கு என இருவகை உண்டு. அடுக்கு வகை மாலைக்கு ஏற்றது. மழை தொடங்கியதும் பென்சில் பருமனுள்ள, அரைமுற்றலான கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளை நீக்கி, மணலும் மக்கும் கலந்த பைகளில் ஊன்றி நிழலில் வைக்க வேண்டும். வேர் பிடித்துத் துளிர்த்தபின், ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து, மக்கிய தொழுவுரம் இட்டு, ஐந்தடிக்கு ஒன்றாக நடுக. தென்னையின் அடியிலிருந்து ஆறடியாவது தள்ளி நட்டால் வேர்ப்போட்டி குறையும். ஆண்டுக்கொரு முறை கவாத்து செய்தால் புதுக்கிளை விட்டு நிறையப் பூக்கும்.

இச்செடியில் சில வேளை இலைகளெல்லாம் ஒரே இரவில் காணாமற்போகும். அடியில் பச்சை உருண்டைகளாக எச்சம் கிடந்தால், அரளியிலும் இதிலும் வாழும் பெரிய அந்துப்பூச்சியின் புழு என்று அறிக. விரல் பருமனில் பச்சையாக, தலைப்புறம் கண்போன்ற நீலப் புள்ளியுடன் இருக்கும். ஐந்தாறு செடிக்கு மருந்தடிக்க வேண்டியதில்லை. காலையில் தேடிக் கையால் பொறுக்கி எடுத்தால் போதும்.

நந்தியாவட்டை வளர்ந்து நிரம்பும்வரை இடைவெளியில் வெள்ளைக் காசித்தும்பையைத் தூவலாம். ஆடி மழையில் விதைத்தால் இரண்டு மாத அளவில் பூக்கும். ஈரம் மட்டும் வற்றலாகாது. அதன் காய் முற்றியதும் தொட்டவுடன் வெடித்து விதை நாலாபுறமும் சிதறும். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. அடுத்த ஆண்டுக்கு விதை வேண்டுவோர், காய் சற்று வெளிறியதுமே, வெடிப்பதற்கு முன் துணிப்பையால் மூடிப் பறித்து, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.